ஞாயிற்றுக்கிழமை கிளம்பிய படகு

மே 19, திங்கள்

காலையிலிருந்தே மேற்கிலிருந்து கச்சான் காற்று. மாடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி முழுக்கக் கரித்தூள். திரும்ப அலசல். கல்லூரி விடுமுறை என்று பெயர்.

அறக்கட்டளைக்காரர்கள் சிறுவர் கதைப் போட்டிக்கு வந்த கதைகளை ஒரு பையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். தேர்ந்த கதைகளைத் தொகுத்து, மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கப் போகிறார்களாம். நடுவர் மூன்று பேர். ஆறுமுகம் சார்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அறக்கட்டளைச் செயலரும் அவரே. சென்னையிலிருந்து நிவேதா: சிறுவர் நூல் ஆலோசகர். அப்படி ஒரு தொழில் இருப்பது இதுவரை எனக்குத் தெரியாது. மூன்றாவது நான். போக, முன்னுரையும் என் தலையில். தலைப்பை அவர்களே போட்டுக் கொடுத்துவிட்டார்கள்: 'குழந்தை இலக்கியத்தில் குழந்தை: அன்றும் இன்றும்'. படித்ததும் கொட்டாவி.

வேலை: மோர் மிளகாய் ஊறப்போட. கேஸ் சொல்ல. பல் டாக்டர் (தள்ளிப்போடக் கூடாது). நூலகத்தில் பழைய சிறுவர் இதழ்கள் கேட்க.

மே 22, வியாழன்

நூலகம். பைண்டு செய்த பழைய தொகுதிகள், பாதி செல்லரித்தவை. ஒரே தும்மல். முன்னுரைக்குக் குறிப்பு எடுக்கப் போய் எரிச்சலோடு வந்ததுதான் மிச்சம்.

மிகப் பழைய பிள்ளைகள்: பொய் சொன்னால் அன்றைக்கே பாம்பு கடிக்கும். நல்ல பிள்ளை என்றால் காய்ச்சலில் கிடந்து, எல்லோரையும் மன்னித்து, மெலிந்த கையால் அப்பாவின் கண்ணைத் துடைத்துவிட்டுச் செத்துப்போகும். அதன் பிறகு அப்பா குடியை விடுவார். ஒரு மனிதன் குடியை விட ஒரு பிள்ளை சாக வேண்டும். இதை அச்சடித்து, கீழே கட்டம் கட்டி நீதியும் போட்டிருக்கிறார்கள்.

அடுத்து விடுமுறைப் பிள்ளைகள். பள்ளிக்கூடம் மூடியதும் மாமாவின் எஸ்டேட். அங்கே குகை, கடத்தல்காரன், நாய். மாமாவுக்கு எப்போதும் எஸ்டேட்தான், கடை இருப்பதே இல்லை. எங்கள் வீட்டில் விடுமுறை என்றால் புதுக்கோட்டை மாமா கடையில் உட்கார்ந்து கால் கிலோ, அரைக் கிலோவாகச் சீனி பொட்டலம் மடிப்பது. நான் படித்த எந்தக் கதையிலும் ஒரு பிள்ளைகூடப் பொட்டலம் மடிக்கவில்லை.

இப்போதைய பிள்ளைகள் (பையில் இருப்பவை): எல்லோருக்கும் உணர்ச்சி வந்துவிட்டது. கோபம் வந்தால் கண்ணை மூடி மூச்சை எண்ணுகிறார்கள். துக்கம் நீல பலூனாக வருகிறது, கட்டிப்பிடித்தால் பறந்துபோகிறது. ஒரு கதையில் மரம் வந்து குழந்தையிடம் 'நீ போதுமானவள்' என்கிறது. எந்த ஊரில் எந்த மரம் அப்படிப் பேசும்.

வீட்டில் இருக்கும் ஒருவரைப் பிடிக்காத பிள்ளை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. தெருவுக்கு நாலு பேர் அப்படி இருக்கிறார்கள்.

டாக்டரிடம் போகவில்லை.

மே 25, ஞாயிறு

பையின் அடியில் ஒரு கதை. எழுதியவள் டெல்பின். என்னிடம் பி.ஏ. தமிழ் படித்தவள். கடைசி பெஞ்சு, வாயே திறக்க மாட்டாள். இப்போது ஒரு தனியார் தொடக்கப் பள்ளியில் டீச்சர். கணவர் விசைப்படகு டிரைவர்.

கதை பத்து வயதுப் பெண்ணைப் பற்றியது. அவள் அப்பா தினமும் விடியுமுன் கடலுக்குப் போய், அவள் தூங்கிய பிறகு வருகிறவர். ஞாயிறு மட்டும் வீட்டில். ஏப்ரலில் மீன்பிடித் தடைக்காலம் வருகிறது, பள்ளிக்கூடமும் மூடிவிடுகிறது. அப்பா நாள் முழுக்க வீட்டில். இருப்பது ஒரே அறை. அவர் தூங்கும்போது சத்தம் கூடாது. விழித்தால் பீடி வாங்க ஓட வேண்டும். மாலையில் குடி. ஒரு நாள் கன்னத்தில் ஓர் அறை, காரணம் அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அவர் கெட்டவர் என்று கதை எங்கும் சொல்லவில்லை. தடை எப்போது முடியும் என்று அவள் காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். முடிவு இது:

"படகு கிளம்பிவிட்டது. அவள் வீட்டுக்கு வந்து ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். அம்மா குறைக்கச் சொல்லவில்லை."

இரண்டு முறை படித்தேன். கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அப்பா எப்போது வருவார் என்று கரையில் காத்திருக்கும் பிள்ளைகளைத்தான் இத்தனை காலம் எழுதியிருக்கிறோம். இவள் எப்போது போவார் என்று காத்திருக்கிறாள்.

முதலில் இதற்குத்தான் மதிப்பெண் போட்டேன். மற்றதற்கெல்லாம் வெறுப்போடு.

மே 28, புதன்

அறக்கட்டளையில் கூட்டம். மக்ரூனும் டீயும். நிவேதா திரையில், தலைக்குப் பின்னால் பொம்மை அலமாரி. ஏசி ஓடவில்லை.

டெல்பினின் கதை வேண்டும் என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து. கடற்கரைக் கதை வேறு இல்லை, அதனால் வேண்டும். ஆனால் மற்ற இருவருக்கும் இப்படியே வேண்டாம்.

நிவேதாவுக்குக் கதை 'ரொம்ப ரா'வாக, அதாவது பச்சையாக, இருக்கிறது. குழந்தைகள் படித்தால் மனம் பாதிக்கும். அப்பாவுக்கு ஓர் ஆர்க் வேண்டும் என்றார். விளக்கச் சொன்னதில், அப்பா கடைசியில் திருந்த வேண்டுமாம். செல்லரித்த தொகுதிகளிலிருந்து கிளம்பி, ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறது அதே சரக்கு. நல்லவேளை, பிள்ளையைச் சாகச் சொல்லவில்லை.

ஆறுமுகம் சாருக்கு அந்த அம்மாவைத்தான் பொறுக்கவில்லை. பிள்ளை தெரியாமல் ரேடியோ வைத்தாலும் பெற்றவள் கண்டிக்க வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கொஞ்சம் தணிந்து இதைச் சொன்னார்:

"நீங்க படிச்சவங்க, நான் சொல்லக் கூடாது. கடலுக்குப் போனவன் திரும்பி வாரது யார் கையில இருக்கு? போனாப் போதும்னு பெத்த பிள்ளையே நெனைக்கான்னு எழுதி, அதக் கடக்கரைப் பிள்ளைய கையிலயே குடுக்கணுமாம்மா?"

அந்தப் பிள்ளை அவர் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. தினமும் போய்த் தினமும் வந்தால் போதும் என்றுதான் நினைக்கிறாள். அங்கே சொல்ல வேண்டியது இது. வழக்கம்போல வீட்டுக்கு வந்த பிறகு வருகிறது.

முடிவு: கதையில் கைவைக்க வேண்டாம், கடைசி இரண்டு வரியை மட்டும் எடுத்துவிடலாம், படம் பார்த்துக்கொள்ளும். படம் எதைப் பார்த்துக்கொள்ளும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜூன் 1, ஞாயிறு

நாளை பள்ளிகள் திறக்கின்றன. பஜாரில் நடக்க இடமில்லை. நோட்டு, பை, தண்ணீர் பாட்டில். ஒரு தாய் கடை வாசலில் மகனிடம், "வாயத் தொறந்தேன்னா இங்கனயே விட்டுட்டுப் போயிருவேன் பாத்துக்கோ." அவன் வாயைத் திறந்து காட்டினான், சத்தமில்லாமல். அவள் சிரித்துவிட்டாள். பலூன், மரம் எதுவும் வரவில்லை.

முன்னுரை: ஒரு வரிகூட இல்லை. மோர் மிளகாய் நன்றாகக் காய்ந்துவிட்டது.

ஜூன் 4, புதன்

மெய்ப்பு வந்தது. பெண்ணுக்குப் பெயர் தேன்மொழி ஆகிவிட்டது. பீடி போய்விட்டது, குடி போய்விட்டது, அறை போய்விட்டது. கைவைக்க வேண்டாம் என்று பேசியதற்கு இவ்வளவு.

கடைசிப் பக்கம் முழுக்கப் படம். ரோஜா நிறத்தில் ஒரு குழந்தை, இந்தக் கரையில் யாரும் பார்த்திராத நிறம். கன்னத்தில் இரண்டு சொட்டுக் கண்ணீர், அளவெடுத்து வைத்தது. பாவாடை சட்டை. கையாட்டுகிறாள். படகிலிருந்து அப்பா பறக்கும் முத்தம் கொடுக்கிறார். பின்னால் கடலுக்குள் சூரியன் மறைகிறது. நம் கடலில் சூரியன் உதிக்கத்தான் செய்யும். மறைய வேண்டும் என்றால் திருநெல்வேலிப் பக்கம் போக வேண்டும். வரைந்தவர் எந்த ஊரோ. கதை படித்தாரா என்பதே சந்தேகம். படகு, பிள்ளை, அப்பா என்று சொல்லியிருப்பார்கள். கை தானாகக் கண்ணீர் போட்டுவிட்டது.

கீழே புதிதாக ஒரு வரி: "அப்பா, சீக்கிரம் வாங்க!"

தடைக்காலம் முழுவதும் அவர் எப்போது போவார் என்று இருந்த பிள்ளை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

மாலையில் ஆ. சார் போன். எழுதியவள் உங்கள் மாணவிதானே, நீங்களே போய்ச் சம்மதக் கையெழுத்து வாங்கிவிடுங்கள் என்றார். நீங்கள் சொன்னால் தட்ட மாட்டாள் என்றும் சொன்னார். அது உண்மை என்பதால்தான் எரிச்சல்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "பிள்ளைய படிக்கிற பொஸ்தகத்துக்கு எதுக்கு இப்பிடிச் சண்ட? பிள்ளைய படிக்கவா போகுது," என்றார்.

ஜூன் 7, சனி

டெல்பின் வீட்டுக்குப் போனேன். ஆட்டோ தெரு முனையோடு நின்றுவிட்டது. வீடு வீடாக வாசலில் வலை. ஒரே பெயிண்ட் வாடை; தடை முடியப்போவதால் படகுகளுக்கெல்லாம் வண்ணம் அடிக்கிறார்கள்.

அவள் கணவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அதனால் வெளியே படியிலேயே உட்கார்ந்து பேச்சு. கதவு வழியாக ஒரு கால் தெரிந்தது, கணுக்காலில் பச்சைப் பெயிண்ட். கால்மாட்டில் பிரின்சி, அவள் மகள், டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் வைக்காமல். திரையில் யாரோ குதிக்கிறார்கள், சிரிக்கிறார்கள், வீட்டில் மூச்சுச் சத்தம்தான். கதையில் வரும் பிள்ளை யார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

டெல்பினே சொன்னாள். கதையை அவரிடம் படித்துக் காட்டியிருக்கிறாள். வலை பின்னும் இடத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாராம், "எம்மவ என்னையக் கடலுக்குப் பத்துதாளாம்ல, மாட்டப் பத்துத மாதிரி" என்று. வீட்டுக்கு வந்த பிறகு மகளிடம் பேசுவதில்லை. பேசாமல் இருப்பது அவளுக்குச் சௌகரியமாகத்தான் இருக்கிறது என்றாள். கடைசியில் ரேடியோ வைக்கும் வரி மகள் சொன்னது. போன வருஷம் தடை முடிந்த அன்று வாய்விட்டுச் சொன்னாளாம், ரேடியோவை இனிச் சத்தமா வைக்கலாம்லா என்று. "நான் சொன்னது பொஸ்தகத்துல வருமாம்மா" என்று இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இதைக் கேட்ட பிறகு மெய்ப்பை எடுத்துக் கொடுப்பது சுலபமாக இல்லை. கொடுத்தேன்.

மெதுவாகப் படித்தாள். கடைசிப் பக்கத்தில் நின்றாள். பிரின்சி வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இது யாரும்மா?"

"நீதான்."

"நான் அழலயே."

"சும்மா இருளா. அப்பா எந்திரிச்சிருவாவ."

பிள்ளை திரும்ப டிவிக்குப் போய்விட்டது. டெல்பின் என் முகத்தைப் பார்க்காமல், போடட்டும் மேடம், பரவால்ல என்றாள். பத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பேரைப் படிக்குமே என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள், அதனாலேயே சொல்லவில்லை. பேனாவை எடுத்தாள்.

அப்புறம் முந்தின பக்கத்தைத் திருப்பிப் பார்த்தவள், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்குகிறது, சத்தம் வரவில்லை. விரலை வைத்துக் காட்டினாள். 'அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் படகு கடலுக்குக் கிளம்பியது.'

"மேடம், இதப் பாக்கலயா நீங்க? ஞாயித்துக்கெழம எவன் கடலுக்குப் போவான்? மாதா கோயில்ல பூசை நடக்கையில படகு எடுக்கான்னு எழுதுனா இந்தத் தெருவே எம்மூஞ்சில காறித் துப்பும். சாமியாரு பிரசங்கத்துல வச்சே கேப்பாரு."

நான் பார்க்கவில்லை. மூன்று முறை படித்தும் கண்ணில் படவில்லை. இந்த ஊரிலேயே பிறந்து, ஞாயிறு மீன் மார்க்கெட் வெறிச்சென்று கிடப்பதை வாரா வாரம் பார்த்தும்.

டெல்பின் எழுதியது திங்கட்கிழமை. ஏன் மாற்றினார்கள் என்று அங்கேயே நிவேதாவுக்கு மெசேஜ் போட்டுக் கேட்டேன். உடனே பதில்: திங்கள் என்றால் குழந்தை பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு வழியனுப்ப வந்ததாக ஆகிவிடும், அது தவறான முன்மாதிரி.

டெல்பினின் சிரிப்பு நின்றுவிட்டது. பேனாவை மூடி என்னிடம் கொடுத்தாள். "கதைய என்னமும் செஞ்சுக்கிடட்டும் மேடம். எம்பேர எடுத்துரச் சொல்லுங்க." கண்ணீரைப் பொறுத்துக்கொண்டவள் கிழமையைப் பொறுக்கவில்லை. முதலில் வேடிக்கையாகப் பட்டது. ஆட்டோவில் வரும்போது அப்படிப் படவில்லை. கண்ணீர் வீட்டுக்குள் நடந்த விஷயம், அவளுக்கும் மகளுக்கும் தெரிந்தால் போதும், பொய் என்று வெளியே யாரும் சொல்ல முடியாது. கிழமை அப்படியில்லை, தெருவே சொல்லும், இவள் நம்ம ஆளே இல்லை என்று.

தலைவலி. சோறு மட்டும் வைத்தேன், பழைய மீன் குழம்பு இருந்தது.

ஜூன் 10, செவ்வாய்

கூட்டம். டெல்பின் சொன்னதைச் சொன்னேன். ஆ. சார் முகம் சிவந்தது. ஆசைப்பட்டு அனுப்பிவிட்டு இப்போது என்ன பிகு என்றார். கிழமையைப் பார்த்ததும் அவருக்கே சிரிப்பு. சனிக்கிழமை என்று திருத்தினார். பேனாவால் ஓர் அடி, பிரச்சினை தீர்ந்தது.

நிவேதாவுக்கு வருத்தமே இல்லை. ஆசிரியர் பெயர் இருக்கும் இடத்தில் 'தொகுப்புக் குழு' என்று போட்டுவிடலாம் என்றார். எழுதியது அவர்கள்தானே, ஒரு வகையில் பொருத்தம்தான்.

அப்படியானால் படத்தில் கண்ணீரையும் எடுங்கள் என்றேன். படம் முடிந்துவிட்டதாம். அதோடு, அட்டையே அந்தப் படம்தானாம்.

ஆறுமுகம் சாரிடம், அன்று வராத பதிலை இன்று சொன்னேன். அந்தப் பிள்ளை அப்பாவைச் சபிக்கவில்லை சார், வேலைக்குப் போகச் சொல்கிறாள், அவர் போவதும் வருவதும் ஒழுங்காக நடந்தால் அவளுக்கு நிம்மதி, இதைப் படிக்கும் இன்னொரு பிள்ளைக்குத் தான் மட்டும் கெட்டவள் இல்லை என்று தெரியும் என்றேன். இவ்வளவு நீளமாக நான் அந்த அறையில் பேசியதில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரிம்மா. அப்பிடிப் பிள்ளைய இருக்கும்னே வச்சுக்கிடுவோம். அதுகளுக்குப் பொஸ்தகம் போடணும்னு நமக்கு என்ன?"

மரியாதையாகத்தான் கேட்டார். இந்த ஒரு மாதத்தில் நான் கேட்ட நேர்மையான பேச்சு அதுதான், கேட்கச் சகிக்கவில்லை.

நடுவர் பட்டியலில் என் பெயர் வேண்டாம், முன்னுரையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். முன்னுரைக்கு ஆள் ரெடியாக இருந்தார் என்று பிறகு தெரிந்தது. வீட்டில் இவர் சொன்னது: "நீ விலகுனா அந்தப் பிள்ளைக்கு என்ன வந்துச்சு?" ஒன்றும் வரவில்லை. தெரியும்.

ஜூன் 12, வியாழன்

பல் டாக்டர். எடுத்துவிட்டார். ஒரு கன்னம் மரத்துப்போய்ப் பேச முடியவில்லை. நல்லதாகப் போயிற்று, ஆ. சார் இரண்டு தடவை கூப்பிட்டார்.

டெல்பினுக்கு நடந்ததை மெசேஜில் எழுதினேன். வெகு நேரம் கழித்து, 'சரி மேடம்' மட்டும்.

ஜூன் 15, ஞாயிறு

நேற்றோடு தடை முடிந்தது. நாளை விடிகாலைதான் படகுகள் போகும், இன்று ஞாயிறு. பிரின்சிக்கு இன்னும் ஒரு நாள். காலையிலிருந்து அதே நினைப்பு. துறைமுகப் பக்கம் ஐஸ் லாரிகள் வரிசையாக. காற்றில் மண்.

ஜூன் 16, திங்கள்

காலை எட்டு மணிக்கு டெல்பினே கூப்பிட்டாள். கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவர் விடியுமுன் கடலுக்குப் போய்விட்டாராம். புத்தகத்தைப் பற்றி மகளிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"அது வேற ஏதோ பிள்ள கதைன்னு சொல்லிட்டேன் மேடம். படத்தப் பாத்திருக்கால்லா, அவளும் சரின்னுட்டா."

அவள் போனை வைக்கவில்லை. பள்ளிக்கூடம் போய்விட்டாளா பிள்ளை என்று கேட்டேன்.

"எங்க மேடம். இன்னும் எந்திரிக்கல. நடு வீட்டுல கையக் கால விரிச்சுப் போட்டுத் தூங்குதா. ரெண்டு தடவ எழுப்பப் போயிட்டு, எழுப்பாம வந்துட்டேன்."